முதல் பார்வைப் பங்கு

சரணாலயத்தில் ஜீப் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் என்னைக் கழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. மொத்தம் பன்னிரண்டு ஜீப் ஓடுகிறது. பன்னிரண்டிலும் யானையை முதலில் பார்ப்பது என் கண்தான் என்று ஒரு பேச்சு. உண்மையில் எனக்குத் தூரப் பார்வை மங்கல். கண்ணாடி போடச் சொல்லி டாக்டர் இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறார். கழுகு கண்ணாடி போட்டால் பிழைப்பு என்னாவது என்று நானும் இரண்டு வருடமாகப் போடாமல் இருக்கிறேன்.

எங்கள் டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விலங்கை முதலில் பார்த்து வாக்கி டாக்கியில் இடத்தைச் சொல்கிறவருக்கு, அந்த இடத்துக்கு வந்து சேருகிற ஒவ்வொரு வண்டியும் சாயங்காலம் ஜீப் ஷெட்டில் ஒரு சின்னத் தொகை கொடுத்துவிட வேண்டும். முதல் பார்வைப் பங்கு என்று அதற்குப் பெயர். எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எழுதி வைத்த எந்தச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடக்கும். ரேஞ்சரை ஏமாற்றுகிற டிரைவர் உண்டு, பெண்டாட்டியை ஏமாற்றுகிற டிரைவரும் உண்டு. முதல் பார்வைப் பங்கில் கை வைத்தவன் இன்றுவரை கிடையாது.

விலங்குகள் வழக்கமாகத் தென்படுகிற இடங்களுக்கு நம்பர் வைத்திருக்கிறோம். ஒன்று, குளத்துக் கரை. மூன்று, விழுந்து கிடக்கிற மரம். ஏழு, உப்பு மண் பள்ளம். இந்த ஏழும் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே இருந்தவை. எட்டாம் நம்பரைக் கண்டுபிடித்தவன் நான். வாக்கி டாக்கியை எடுத்து "எட்டு, எட்டு, ஆறு உருப்படி" என்று நான் சொன்னால் போதும், காட்டின் எந்த மூலையில் இருந்தாலும் வண்டிகள் திரும்பிவிடும். வாரத்தில் ஐந்து நாள் சொல்லுவேன். என் கண்ணின் புகழ் முழுக்க அந்த எட்டில்தான் இருந்தது.

எட்டாம் நம்பர் என்பது என் மனைவியின் மக்காச்சோள நிலம்.

அவள் அப்பா அவளுக்கென்று எழுதி வைத்த இரண்டரை ஏக்கர். காட்டின் விளிம்பில் ஓர் ஓடை; ஓடையை ஒட்டி ஒரு மண் பாதை; பாதைக்கு இந்தப் பக்கம் அவள் நிலம். நிலத்தின் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஆழமான வாய்க்கால். பின்கோடியில் நீலக் கதவு வைத்த பம்ப் ஷெட். யானைக் கூட்டம் சாயங்காலம் ஐந்து, ஐந்தரைக்கு ஓடையைத் தாண்டி வரும். வயிற்றுக்குக் கொஞ்சம் சோளம் போட்டுக்கொண்டு ஏழு மணிக்குள் ஏரிக்குப் போய்விடும். ராத்திரி முழுக்க அவற்றுக்கு ஏரியில்தான் குளியலும் கும்மாளமும். எங்கள் நிலம் அவற்றுக்குப் போகிற வழியில் இருந்த சாப்பாட்டுக் கடை.

நிலத்தின் நடுவில் நாலு கம்பு நட்டு ஒரு பரண் கட்டியிருந்தாள். கதிர் பிடிக்கத் தொடங்கியதும் தினமும் நாலு மணிக்கு ஏறி உட்கார்ந்து எண்ணெய் டின்னைக் கட்டையால் அடிப்பாள். முதல் வருடம் யானைகள் பயந்தன. இரண்டாம் வருடம் யோசித்தன. மூன்றாம் வருடத்திலிருந்து தகரச் சத்தம் கேட்டால் கதிர் முற்றிவிட்டது என்று தெரிந்துகொண்டு நேரத்துக்கு வர ஆரம்பித்தன. கூட்டத்தை நடத்தி வருவது ஒரு வயதான பெண் யானை. பெரியம்மா என்று கூப்பிடுவோம். டின் சத்தத்துக்கு அது காதைக்கூட ஆட்டாது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் இருக்கிற மேட்டில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு நான் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன். எல்லா ஜீப்புக்கும் ஒரே பச்சை நிறம், எல்லா டிரைவருக்கும் ஒரே தொப்பி, முகத்தில் புழுதிக்குக் கட்டின துணி. இறங்குகிற வெயில் வேறு அவள் கண்ணில் அடிக்கும். அவளுக்கு நான் தெரிய மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஜீப்காரர்களைத் திட்டுவாள். "ஆறு யானை ஒருத்தி உழைப்பைத் தின்னுட்டு இருக்கு, இவனுங்க மேட்டுல நின்னு வேடிக்கை காட்டுறானுங்க. கண்ணு கெட்ட ஜென்மங்க."

"ஆமா, மோசமான பசங்க," என்பேன் நான், காலைக் கழுவிக்கொண்டே.

"உங்க வண்டி எந்தப் பக்கம் போச்சு இன்னைக்கு?"

"குளத்துப் பக்கம்."

ஒன்பது வருடமாக அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரே ஒரு தடவை, ஒரு கதிர் போகாமல், முழு அறுவடையையும் வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். "எங்கப்பா நிலம் முழுசா விளைஞ்சா எவ்வளவு வரும்னு எனக்கு இன்னும் தெரியாதுங்க" என்பாள். வருடா வருடம் பாதி வரும். நல்ல வருடத்தில் பாதிக்கு மேல் கொஞ்சம். நஷ்ட ஈட்டுக்கு மனு போட்டாள். விலங்கை விரட்ட முயற்சி செய்ததற்கு ஆதாரம் கேட்டது ஒரு விதி. விலங்கு பார்க்கும் இடங்களில் விலங்கைத் துன்புறுத்தக் கூடாது என்றது இன்னொரு விதி. இரண்டையும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் அனுப்பியிருந்தார்கள்.

இனி பங்கு விஷயத்துக்கு வருகிறேன். சரணாலயத்தின் வாசலில் விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஐந்தில் ஒரு பங்கு எல்லையில் இருக்கிற ஏழை ஜனங்களுக்கு என்று மேலிடத்தில் முடிவாயிற்று. விலங்கால் அவதிப்படுகிறவர்களுக்கு விலங்கால் வருகிற வருமானத்தில் பங்கு. கேட்பதற்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் பணத்தை ஆள் ஆளுக்குக் கையில் கொடுக்க முடியாதாம், கமிட்டி வேண்டுமாம். ஏழு பேர் கமிட்டி அமைந்தது. தலைவர், ஊரிலேயே பெரிய வாழைத்தோட்டத்துக்கும் காட்டை ஒட்டின தங்கும் விடுதிக்கும் சொந்தக்காரர். எல்லையில் வசிக்கிற ஏழை ஜனம் என்பதில் எல்லையில் வசிப்பது மட்டும் அவருக்குப் பொருந்தியது. டிரைவர்கள் சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். கண் நன்றாகத் தெரிகிறவனாக இருக்கட்டும் என்று என்னைப் போட்டார்கள்.

முதல் வருடப் பங்கில் ஊர் முகப்பில் ஒரு வரவேற்பு வளைவு கட்டினோம். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குச் சிமெண்ட் யானை. என் மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆறு பத்தலைன்னு சிமெண்ட்ல ரெண்டு வேறயா? அதுங்களாவது எதையும் திங்காது, விடுங்க," என்றாள்.

இரண்டாம் வருடப் பங்கில் கமிட்டிக்கு ஓர் அறை, சுழல் நாற்காலி, மின்விசிறி. விசிறியில் தாள் பறந்தது. வளைவு யானையில் ஒன்றின் தும்பிக்கை அதற்குள் உடைந்திருந்ததால், அந்தத் துண்டைக் கொண்டு வந்து தாள்களின் மேல் வைத்தோம். மூன்றாம் வருடப் பங்கு வந்து, அதை என்ன செய்வது என்று கூட்டம் போட்ட அன்றைக்குத்தான் என் மனைவி பிளாஸ்டிக் உறையில் ஒரு மனுவோடு வந்து நின்றாள். வருகிறேன் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பெருமை சேர்க்கலாம் என்று நினைத்தாளோ என்னவோ. புருஷன் உட்கார்ந்திருக்கிற கமிட்டிதானே.

"சொல்லும்மா," என்றார் தலைவர்.

"வேலி வேணும் சார். ஓடைப் பக்கம் மட்டும் போதும். சூரிய வெளிச்சத்துல ஓடுற கம்பி வேலி. யானைக்கு ஒண்ணும் ஆகாது. சுருக்குன்னு இருக்கும், திரும்பிப் போயிடும்."

"வேலி போட்டா யானை வராதேம்மா."

"அதுக்குத்தானே சார் வேலி."

"யானை வரலைன்னா டூரிஸ்ட் வர மாட்டான். டூரிஸ்ட் வரலைன்னா பங்கு வராது. பங்கு வரலைன்னா உனக்கு வேலி போடப் பணம் எங்கிருந்து வரும்? நீயே யோசிச்சுப் பாரு." தலைவர் இதை மிகவும் பொறுமையாக, கணக்குச் சொல்லித் தருகிற வாத்தியார் மாதிரி சொன்னார். மற்ற உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அந்தச் சமயம் பார்த்து ரேஞ்சர் ஒரு வரைபடத்தைச் சுவரில் மாட்டினார். நல்ல மனிதர், எந்த நேரத்தில் எதைச் செய்வது என்றுதான் தெரியாது. "இந்த வருஷம் யானை பாத்தவங்கள்ல பத்துக்கு ஆறு பேர் எட்டாம் நம்பர்லதான் பாத்திருக்காங்க. டிக்கெட் இவ்வளவு வித்ததுக்கு அதான் காரணம். அந்த இடத்தைக் கண்டுபிடிச்சது நம்ம கழுகு. எல்லாரும் ஒரு கை தட்டுங்க," என்றார்.

தட்டினார்கள். என் மனைவியும் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு எழுந்து வரைபடத்தின் பக்கத்தில் போனாள். நீலக் கோட்டில் விரலை வைத்தாள், அது ஓடை. கோட்டை ஒட்டியிருந்த புள்ளிக் கோட்டைத் தடவினாள், அது பாதை. சிவப்பில் எட்டு என்று போட்டிருந்த வட்டத்துக்குள் ஒரு சின்னச் சதுரம் இருந்தது.

"இது எங்க பம்ப் ஷெட்," என்றாள்.

உறுப்பினர்கள் கழுத்தை நீட்டி வட்டத்தைப் பார்த்தார்கள்.

"இது என் நிலம்," என்றாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் வேறு யாரையாவது பார்க்கிறாளோ என்று நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வேலி வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். எனக்கு முன்பே ஐந்து கை எழுந்துவிட்டது. நான் தூக்காமல் இருந்திருந்தாலும் வேலி மனு தோற்றிருக்கும். சும்மா உட்கார்ந்திருக்கலாம். தண்ணீர் குடிக்கப் போயிருக்கலாம். தூக்கினேன். அவசியமே இல்லாமல் செய்த காரியம் என்பதால்தான் இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு கூசுகிறது. "வேலி அமைத்தால் யானை வராது என்பதால் மனு நிராகரிக்கப்படுகிறது" என்று எழுதி, தும்பிக்கைத் துண்டைத் தூக்கி அந்தத் தாளையும் அடியில் வைத்தார்கள்.

அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவதில்லை. வீட்டில் தண்ணீர்க் குடத்தோடு பேச ஆரம்பித்தாள். "சோறு ஆறிட்டிருக்கு, திங்கிறவங்க திங்கலாம்" என்று குடத்திடம் சொல்வாள். "சட்டை துவைச்சு வெச்சிருக்கு" என்பதும் குடத்திடம்தான். குடம் பதில் சொல்லாததால் நான் சொல்வேன். அவள் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

ஒரே ஒரு தடவைதான் நேராகக் கேட்டாள். "நான் பரண்ல உக்காந்திருக்கும்போது ஜீப்ல இருக்குறவங்க எனக்குக் கை காட்டுவாங்க. சில பேரு கும்பிடுவாங்க. எதுக்குன்னு இத்தனை வருஷமாப் புரியல. என்னைப் பத்தி அவங்ககிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கீங்க?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"இந்தப் பக்கத்துப் பொம்பளைங்க தகரம் தட்டி யானையை வரவேற்பாங்கன்னு சொல்லியிருக்கேன்."

அவள் அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். கட்டையைத் தூக்கி எறிந்திருந்தாலும் குனிந்திருப்பேன். "நல்லா இருக்கு," என்றாள். அவ்வளவுதான். மறுபடியும் குடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், டிரைவர்கள் எல்லாரும் ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தாள். பெண்கள் யாரும் வருகிற இடம் இல்லை அது. டயர்களின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"அண்ணா, ஒரு நியாயம் கேக்க வந்தேன்," என்று எங்களில் மூத்த டிரைவரைப் பார்த்துச் சொன்னாள். "முதல்ல பாக்குறவங்களுக்குத்தானே பங்கு?"

"ஆமாம்மா. அதுல மாத்தமே கிடையாது."

"எட்டாம் நம்பர்ல முதல்ல பாக்குறது யாரு? இவர் அஞ்சரைக்கு மேட்டுக்கு வராரு. நான் நாலு மணிலேர்ந்து பரண்ல இருக்கேன். ஓடைக்கு அந்தப் பக்கம் செடி ஆடும்போதே எனக்குத் தெரிஞ்சிடும். பெரியம்மா வருதா, குட்டியோட வருதா, எல்லாம் தெரியும். ஒன்பது வருஷமா முதல்ல பாக்குறது நான். இவர் பாக்குறது என்னைத்தான்."

ஷெட்டில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மூத்த டிரைவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என்னைக் கவிழ்க்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று பதினோரு பேரும் வருடக்கணக்காகக் காத்திருந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் முகத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

"பழைய வாக்கி டாக்கி ஒண்ணு இருக்கு. அதைத் தங்கச்சிக்குக் குடுங்கப்பா," என்றார் மூத்த டிரைவர். "வழக்கம்னா வழக்கம்தான். என்ன கழுகு, சரிதானே?"

சரிதான் என்றேன். வேறென்ன சொல்ல.

ரேஞ்சருக்கும் விஷயம் பிடித்துப்போனது. உள்ளூர்ப் பெண் ஒருத்தி வாக்கி டாக்கியோடு பரண்மேல் உட்கார்ந்திருக்கிற படத்தை மேலிடத்துக்கு அனுப்பலாம் அல்லவா. அவர் படம் எடுக்க வந்த அன்றைக்கு அவள் ஒரு யோசனை சொன்னாள்.

"சார், ஒரு நம்பர்ல மூணு வண்டிக்கு மேல நிக்கக் கூடாதுன்னு விதி இருக்காமே. மீதி ஒன்பது வண்டி மேட்டுக்கு அந்தப் பக்கம் வரிசைல காஞ்சு கெடக்குது. பாவம், காசு குடுத்து வந்தவங்க. நம்பரைக் கூட்டிட்டா என்ன? எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு. நாலுலயும் மூணு மூணு வண்டி. மேட்டுலேர்ந்து பாத்தா யானை முதுகுதான் தெரியும். ஓடையோரப் பாதைல நின்னா முகத்தையே பாக்கலாம்."

ரேஞ்சரின் முகம் விரிந்தது. ஏழாக இருந்து எட்டாவதற்கே அந்தத் துறைக்கு இருபது வருடம் ஆகியிருந்தது. இப்போது ஒரே மத்தியானத்தில் பதினொன்று. அன்றைக்கே பாதையில் பன்னிரண்டு கல் நட்டு வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாறையிலிருந்து வாய்க்கால்வரை காலால் அடி அளந்து, இங்கே ஒரு கல், இங்கே ஒரு கல் என்று காட்டிக்கொண்டே போனாள். நான் ஜீப்பைத் துடைக்கிற சாக்கில் தூரத்திலிருந்து பார்த்தேன். வண்டி நிறுத்துகிற கல்லுக்கு எதற்கு இத்தனை கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. எனக்குப் பங்கு போன கவலை.

அந்த வருடக் கதிர் அப்போதுதான் முற்றத் தொடங்கியிருந்தது. மறுநாள் சாயங்காலம் நாலே முக்காலுக்கு வாக்கி டாக்கியில் அவள் குரல் வந்தது. "எட்டு, ஒன்பது, பத்து, பதினொண்ணு. ஆறு உருப்படி. குட்டியும் இருக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் மூங்கில்கிட்ட. எல்லாரும் வரலாம்." அந்தத் தகரக் கேள்விக்கு அப்புறம் முதல் தடவையாக அவள் குரலை, குடத்துக்குப் போகாமல் நேராக என் காதுக்கு வந்து கேட்டேன். பன்னிரண்டு பேருக்குப் பொதுவாக வந்ததுதான். இருந்தாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பன்னிரண்டு வண்டியும் போய் வெள்ளைக் கல்லுக்கு ஒன்றாக நின்றன. ஓடைக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வந்து நின்றது. எங்களைப் பார்த்தது. பின்னால் வந்த ஐந்தும் நின்றன. டூரிஸ்டுகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். இவ்வளவு கிட்டத்தில், நேருக்கு நேராக அவர்கள் யானையைப் பார்த்ததே இல்லை. முக்கால் மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் பெரியம்மா பெருமூச்சு விட்டுத் திரும்பி, ஓடையோடு மேற்கே நடந்தது. அன்றைக்கு எல்லா டிரைவருக்கும் நல்ல இனாம். ஷெட்டில் என் மனைவிக்குப் பதினோரு பங்கு சேர்ந்தது. பன்னிரண்டாவது என்னுடையது. கொடுத்தேன்.

தினமும் இதே கதைதான். நாலே முக்காலுக்கு அழைப்பு, பன்னிரண்டு வண்டி, நேருக்கு நேர் யானை, பெருமூச்சு, மேற்கே நடை. பரணில் டின் சத்தம் இல்லை. சோளம் என்னவாயிற்று என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யானை முன்னால் இருக்கும்போது எந்த டிரைவர் பின்னால் பார்ப்பான்?

பத்தாம் நாள் தலைவர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். தலை கலைந்திருந்தது. "ஏம்ப்பா, யானைங்க என்ன புதுசா மேற்கால வருதுங்க? ராத்திரி ஏரிக்குப் போற வழில என் வாழைல பாதி போச்சு. குலை தள்ளின மரம்ப்பா."

"நஷ்ட ஈட்டுக்கு மனு போடுங்க சார்," என்றார் மூத்த டிரைவர்.

"மனுவாவது மண்ணாவது. அடுத்த வாரம் அவசரக் கூட்டம். மேற்குப் பக்கம் உடனே வேலி போடணும். நீயும் வந்து கை தூக்கிடு கழுகு."

யானை வராதே சார் என்று சொல்ல நாக்கு துடித்தது. விடுதிக்காரரிடம் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. பார்க்கலாம் சார் என்றேன். ஆனால் யானை எதற்கு மேற்கே போகிறது என்பது சத்தியமாக எனக்குப் புரியவில்லை. எனக்குத்தான் கண் மங்கலாயிற்றே.

அறுவடைக்கு முதல் நாள் எங்களில் ஒரு வண்டி ரேடியேட்டர் கொதித்து வழியிலேயே நின்றுவிட்டது. பதினோரு வண்டிதான் போய் நின்றோம். என் இடது பக்கத்து வெள்ளைக் கல் காலியாக இருந்தது. பெரியம்மா வந்தது. வழக்கம்போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எங்களைப் பார்த்துக்கொண்டே வந்தது. காலிக் கல்லுக்கு வந்ததும் பார்வை நின்றது. ஒரு காலை எடுத்து ஓடைக்குள் வைத்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. "கழுகு, கழுகு. உங்களுக்கு இடது பக்கம் சந்து விழுந்திருக்கு. வண்டியை எடுத்து நடுவுல நிறுத்துங்க."

பதினோரு வண்டியிலும் அது கேட்டது. நான் அப்போதுதான் வலது பக்கம் பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன். பாறையிலிருந்து வாய்க்கால்வரை, முப்பது அடிக்கு ஒன்று, வரிசை பிசகாமல் பச்சை ஜீப். அப்புறம் அந்தப் பாதையில் நிற்கத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாகப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். இரண்டரை ஏக்கரிலும் ஒரு தட்டை சாயாமல் சோளம் நின்றது. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

கமிட்டி தராத வேலியை அவள் கமிட்டியின் டூரிஸ்டுகளை வைத்தே போட்டுவிட்டாள். டீசல் எங்களுடையது. டிக்கெட் அவர்களுடையது. எதிர்த்துக் கை தூக்கினவன் அதில் ஒரு கம்பம்.

வண்டியை எடுத்து நடுவில் நிறுத்தினேன். பெரியம்மா என்னைக் கொஞ்ச நேரம் முறைத்தது. காலை ஓடையிலிருந்து எடுத்துக்கொண்டு மேற்கே திரும்பியது. நான் தொப்பியைக் கண்வரை இறக்கிவிட்டுக்கொண்டேன். வெட்கமா சந்தோஷமா என்று கேட்டால், இரண்டும்தான்.

பின் சீட்டில் தொப்பி போட்ட ஓர் அம்மா இருந்தார். போன வருடமும் என் வண்டியில் வந்தவர். "அவங்க என்ன சொன்னாங்க? அவங்கதானே தகரம் தட்டி யானையை வரவேற்கிறவங்க?" என்று கேட்டார்.

"இல்லைங்கம்மா. அவங்க என் வீட்டுக்காரி. அது வரவேற்கிற தகரம் இல்ல, விரட்டுற தகரம். நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

"இப்ப தட்டலையே?"

"இப்பத்தான் வேலி இருக்கே."

அந்த அம்மா ஓடையைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். "எங்க இருக்கு வேலி?"

"நாமதாங்க," என்றேன்.

அவர் கேமராவை மடியில் வைத்துவிட்டு, சீட்டில் நிமிர்ந்து, விறைப்பாக உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் விடியற்காலையிலிருந்து அறுத்தோம். ஜீப்பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மூட்டை மூட்டையாக நானே ஏற்றி வந்தேன். எட்டு நடை. வழக்கமாகச் சோளம் போடுகிற மூலை இரண்டாம் நடையிலேயே நிரம்பிவிட்டது. அப்புறம் சமையலறை, அப்புறம் கூடம். முழு அறுவடை வரும் என்று நினைத்து யாரும் அந்த வீட்டைக் கட்டியிருக்கவில்லை. கட்டிலைத் தூக்கி வாசலில் போட்டேன். கடைசி மூட்டைக்கு இடம் வேண்டும் என்று அவள் தண்ணீர்க் குடத்தையும் எடுத்து வெளியே வைத்தாள்.

வாசற்படியில் உட்கார்ந்து தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் குடத்துக்குப் பக்கத்தில் நின்றேன், ஏதாவது சொன்னால் கேட்கட்டும் என்று.

"இவ்வளவு வருமாங்க?" என்றாள்.

குடம் அவளுக்குப் பின்னால் இருந்தது. அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.